கிரீனி: பீட்டர் கிரீன் வாசித்த 1959 லெஸ் பால் கிட்டார் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீனி என்பது எந்தக் கிட்டார்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ நகரத்தில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் 1959-இல் செய்யப்பட்ட லெஸ் பால் ஸ்டாண்டர்ட் கிட்டார் இது. உடலும் கழுத்தும் மகோகனி மரம். உடலின் மேல்பலகை வரிவரியாக ரேகை ஓடும் மேப்பிள். விரல்பலகை பிரேசில் ஈட்டி மரம் (ரோஸ்வுட்). இரண்டு ஹம்பக்கர் பிக்கப் (பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம், ஹம்பக்கர் என்பது இரண்டு சுருள் கொண்ட வகை; ஒன்று கழுத்தருகே, மற்றது தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே), இரண்டு வால்யூம் குமிழ், இரண்டு டோன் குமிழ், மூன்று நிலை சுவிட்ச். அந்த ஆண்டு இதே அமைப்பில் கிப்சன் அனுப்பிய லெஸ் பால்கள் 643 என்று கம்பெனியின் கணக்கு சொல்கிறது. மற்ற 642-இல் இல்லாத ஒரு ஒலி இதில் இருக்கிறது. இந்தப் பக்கத்தின் பாதி அந்த ஒலியைப் பற்றியதுதான்.

யார் யார் கையில் இருந்தது?

மூன்று பெயர்கள் முக்கியம். முதலில் ஆங்கிலேய ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பீட்டர் கிரீன். 1966-இல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் எரிக் கிளாப்டன் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர். 1967-இல் ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கியவர். 1970 மே மாதம் குழுவை விட்டு விலகும்வரை அவருடைய முதன்மைக் கிட்டார் இதுதான்.

அடுத்து, பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த கேரி மூர். கிரீன் முதலில் இரவலாகத்தான் கொடுத்தார், பிறகு விற்றார். மூர் தன்னிடம் இருந்த எஸ்ஜி கிட்டாரை விற்றுத்தான் பணம் திரட்டினார். கிரீன் வாங்கிக்கொண்டது நூற்றுச் சொச்சம் பவுண்ட். லாபம் பார்க்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை; கிட்டார் நல்ல கைக்குப் போகவேண்டும் என்பதே நோக்கம். மூர் அதை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வாசித்தார். 1995-இல் கிரீனின் பாடல்களை மட்டுமே கொண்ட 'ப்ளூஸ் ஃபார் கிரீனி' என்ற ஆல்பத்தை இதே கிட்டாரில் பதிவு செய்தார். 2006-இல் விற்றுவிட்டார்.

அதன்பின் சில ஆண்டுகள் வணிகர்கள், சேகரிப்பாளர்கள் கையில் இருந்தது. 2014-இல் மெட்டாலிகா ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் கர்க் ஹாமெட் வாங்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் மேடைக்கு மேடை கொண்டுபோய் வாசிக்கிறார். 2020 பிப்ரவரி 25 அன்று லண்டன் பல்லேடியத்தில் ஃப்ளீட்வுட் மேக் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் நடத்திய பீட்டர் கிரீன் பாராட்டுக் கச்சேரியில், கிரீன் எழுதிய 'தி கிரீன் மனலிஷி' பாடலுக்கு இந்தக் கிட்டார் மறுபடி ஒலித்தது. ஐந்து மாதம் கழித்து, ஜூலை 25-இல் கிரீன் காலமானார்.

அந்த ஒலி என்ன? எந்த நிலையில் வருகிறது?

சுவிட்ச் நடுவில் இருக்கும்போது மட்டும். அப்போது இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும். சாதாரண லெஸ் பாலில் அந்த நிலை கனமாகவும் உருண்டையாகவும் இருக்கும். கிரீனியில் அடிக்குரல் வற்றி, கொஞ்சம் மூக்கால் பாடுவது போன்ற, உள்ளே குடைந்தெடுத்த மாதிரியான ஒலி வரும். ஆம்ப்ளிஃபயரை ஏற்றி வைத்து வாசித்தால் அது அழுகைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

காரணம், இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி, இருப்பது. ஒரே ஊஞ்சலை முன்னாலிருந்து ஒருவரும் பின்னாலிருந்து ஒருவரும் ஒரே நேரத்தில் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் பெரிதாக ஆடாது. தந்தியின் அடிப்படை அதிர்வு கழுத்துப் பக்கமும் பிரிட்ஜ் பக்கமும் ஒரே திசையில்தான் நகர்கிறது. ஒரு பிக்கப்பின் மின்னோட்டத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால், அந்தப் பொதுவான பகுதி கழிந்துபோகிறது. மேல் ஸ்தாயி ஒத்தொலிகளின் கதை வேறு. அவை இரண்டு இடங்களிலும் வெவ்வேறு அளவிலும், சில நேரம் எதிரெதிர்த் திசையிலும் அதிர்வதால் அவ்வளவாகக் கழிவதில்லை; சில கூடவும் செய்கின்றன. அடி போய் மேல் நிற்பது இதனால்தான்.

இரைச்சல் கூடுமா என்று கேட்பார்கள். கூடாது. ஒவ்வொரு ஹம்பக்கரும் தன் இரண்டு சுருள்களுக்குள்ளேயே மின் இரைச்சலை அடித்துக்கொள்கிறது. பிக்கப் இரண்டுக்கும் இடையிலான ஃபேஸ் மாறினாலும் அதற்குப் பாதிப்பில்லை.

கழுத்துப் பிக்கப்பைத் திருப்பி வைத்ததால்தான் இந்த ஒலி என்கிறார்களே?

இல்லை. கிரீனியில் கழுத்துப் பிக்கப் திரும்பித்தான் இருக்கிறது: உயரம் மாற்றும் ஆறு திருகுகள் விரல்பலகையை நோக்கி இருக்கவேண்டியவை, பிரிட்ஜை நோக்கி இருக்கின்றன. படத்தைப் பார்ப்பவர்கள் உடனே அதையே காரணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பிக்கப்பை இருந்த இடத்திலேயே 180 டிகிரி சுழற்றினால் சுருள் சுற்றிய திசையும் மாறாது, தந்தியை நோக்கியிருக்கும் காந்த முனையும் மாறாது. திருகுகள் நிற்கும் சுருளும் (திருகுச் சுருள்) ஆணிகள் நிற்கும் சுருளும் (ஆணிச் சுருள்) இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஒலியில் நுண்ணிய வேறுபாடு வரலாம், ஃபேஸ் புரளாது.

உண்மையான காரணம் உள்ளே இருக்கும் காந்தம். கழுத்துப் பிக்கப்பில் உள்ள அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தக் கட்டை வழக்கத்துக்கு எதிராக வைக்கப்பட்டிருக்கிறது. தொழிற்சாலையில் யாரோ கவனிக்காமல் செருகியதா, பின்னால் பழுது பார்த்தவர் கழற்றி மாட்டும்போது நேர்ந்ததா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. அந்தக் காலத்துத் தொழிற்சாலையைத் தெரிந்தவர்களுக்கு இரண்டுமே நம்பக்கூடியவை. பிக்கப்பைத் தனியாகச் சோதிக்கும்போது இந்தத் தவறு காதில் விழாது. இன்னொன்றோடு சேர்ந்து ஒலிக்கும்போதுதான் தெரியும்.

அப்படியானால் கிரீன், மூர் வாசித்த எல்லாமே இந்த ஒலிதானா?

இல்லவே இல்லை. இருவரின் புகழ்பெற்ற தனிவாசிப்புகள் பலவும் கழுத்துப் பிக்கப்பை மட்டும் வைத்து வாசித்தவை. அங்கே காந்தம் எப்படித் திரும்பியிருந்தாலும் ஒலி ஒன்றுதான். அதில் கேட்பது கையின் தொடுகை, தந்தியை இழுத்து அசைக்கும் விதம், வால்யூமைக் குறைத்துப் பிறகு ஏற்றும் பழக்கம். காந்தத்தைப் புரட்டினால் அதுவும் வந்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் நிச்சயம்.

என் கிட்டாரில் இதைச் செய்யலாமா?

இரண்டு ஹம்பக்கரும் ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூமும் இருந்தால் செய்யலாம்: லெஸ் பால், எஸ்ஜி, 335 வகைகள். ஒரே வால்யூம் குமிழ் உள்ள கிட்டாரில் செய்தால் ஒல்லியான ஒரு ஒலி மட்டும் கிடைக்கும். அதைச் சரிக்கட்ட வழியிருக்காது. ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைச் சிங்கிள் காயிலில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்பில், காந்தமே தனித்தனிக் கம்பிகளாகச் சுருளுக்குள் நிற்பதால் இந்த முறை பொருந்தாது.

ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருப்பது 1950களின் அசல் பிக்கப் என்றால் தொடாதீர்கள். மூடியின் ஈயப்பற்று ஒருமுறை உடைந்தாலே சேகரிப்பாளர் கண்ணில் மதிப்பு இறங்கிவிடும். புது பிக்கப்பில் செய்து பாருங்கள்.

காந்தத்தைப் புரட்டுவது எப்படி?

தேவையானவை: சிறிய நட்சத்திரத் திருப்புளி, 60 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் செப்புப் பின்னல், மல்டிமீட்டர், மார்க்கர் பேனா, காந்தத்தைத் தள்ள மூங்கில் குச்சியோ பித்தளைத் துண்டோ, பள்ளிக்கூடத் திசைகாட்டி ஒன்று. எஃகுக் கருவியைக் காந்தத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். அது வெடுக்கென்று இழுத்து ஒட்டும். வழியில் இருக்கும் சுருள் கம்பி போய்விடும். அந்தக் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மி.மீ., தலைமுடி அளவு.

முதலில் கழுத்துப் பிக்கப்பின் மின்தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய வகை ஹம்பக்கரில் 7 முதல் 9 கிலோ ஓம் வரை இருக்கும். திசைகாட்டியை ஆணித் தலைகளுக்கு மேலே பிடித்து, ஊசியின் எந்த முனை இழுபடுகிறது என்பதையும் எழுதி வையுங்கள். இந்த இரண்டு குறிப்பும் இல்லாமல் தொடங்கினால் கடைசியில் என்ன நடந்தது என்றே தெரியாது.

தந்திகளைத் தளர்த்தி, பிக்கப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்தின் நான்கு மூலைத் திருகுகளையும் கழற்றித் தூக்குங்கள். கம்பி நீளமாக இருந்தால் ஈயப்பற்றைப் பிரிக்க வேண்டியதில்லை; கிட்டாரின் மேல் மெல்லிய துணி விரித்து அதிலேயே வேலை செய்யலாம். உலோக மூடி இருந்தால் அடித்தட்டோடு இரண்டு இடத்தில் பற்றவைத்திருப்பார்கள். அந்த ஈயத்தைச் சூடாக்கிப் பின்னலால் உறிஞ்சி எடுங்கள். ஒரே இடத்தில் ஐந்தாறு நொடிக்கு மேல் சூடு வேண்டாம். உள்ளே மெழுகும் பிளாஸ்டிக் சட்டமும் இருக்கின்றன. ஈயம் முழுக்கப் போனபிறகும் மூடி வரவில்லை என்றால் மெழுகு பிடித்திருக்கிறது. ஹேர் டிரையரால் மிதமாகச் சூடுபடுத்தினால் இளகும். நெம்பாதீர்கள்.

அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால் நான்கு சிறு பித்தளைத் திருகுகள் தெரியும். அவைதான் இரண்டு சுருள் சட்டங்களையும் பிடித்திருப்பவை. ஒவ்வொன்றையும் மூன்று நான்கு சுற்று தளர்த்தினால் போதும். முழுக்கக் கழற்றிவிட்டால் சட்டங்கள் விலகும். இரண்டு சுருளையும் இணைக்கும் முடிபோன்ற கம்பி அறுந்துபோகும். இந்த வேலையில் பிக்கப் சாகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது காந்தக் கட்டை பக்கவாட்டில் தெரியும். ஏறத்தாழ 63 மி.மீ. நீளம், 12.7 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். அதன் ஒரு நீள விளிம்பு ஆணி வரிசையைத் தொடும், மறுவிளிம்பு திருகுகள் கோத்திருக்கும் எஃகுப் பட்டையைத் தொடும். மேல்முகத்தில், ஆணிப் பக்க விளிம்பை ஒட்டி மார்க்கரால் புள்ளி வையுங்கள். குச்சியால் நீளவாக்கில் தள்ளி வெளியே எடுங்கள்.

கவனம் தேவைப்படும் இடம் இது. காந்தத்தின் வடக்கும் தெற்கும் அதன் இரண்டு நீள விளிம்புகளில் இருக்கின்றன. எனவே விளிம்புகள் இடம் மாறவேண்டும். மேசையில் வைத்த ஸ்கேலைத் தூக்காமல் அரைவட்டம் சுழற்றுவதுபோல் சுழற்றினால் விளிம்புகள் மாறும். சப்பாத்தியைத் திருப்பிப் போடுவதுபோல் நீள அச்சில் புரட்டினாலும் மாறும். இரண்டில் ஒன்று மட்டும் செய்யவேண்டும். இரண்டையும் செய்தால் பழைய நிலைக்கே வந்துவிடும். சுழற்றும் முறையே நல்லது: புள்ளி மேலேயே தெரியும், ஆணிப் பக்கத்திலிருந்து திருகுப் பக்கத்துக்குப் போயிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

உள்ளே தள்ளுங்கள். ஆணிச் சுருளின் அடியில் இருக்கும் மரத்துண்டு நகர்ந்திருந்தால் அதையும் நேராக்குங்கள். நான்கு பித்தளைத் திருகுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மின்தடை பழைய எண்ணே காட்டவேண்டும். திசைகாட்டி ஊசி முன்பு காட்டியதற்கு நேர்மாறாகத் திரும்பவேண்டும். இரண்டும் சரியென்றால் மூடியைப் பற்றவைத்து, பிக்கப்பை மாட்டுங்கள். பிரிட்ஜ் பிக்கப்பில் கைவைக்காதீர்கள். இரண்டையும் புரட்டினால் ஃபேஸ் மறுபடி ஒன்றாகிவிடும்.

செய்து முடித்தேன், ஒலி சரியாக இல்லை. என்ன தவறு?

நடு நிலையில் மாற்றமே இல்லை என்றால் காந்தம் இருமுறை திரும்பியிருக்கும். சுழற்றியபின் கவனக்குறைவாகப் புரட்டியும் விட்டிருப்பீர்கள். முன்பு கனமாக இருக்கவேண்டிய நடு நிலை முன்பே ஒல்லியாக இருந்து, இப்போது கனமாகிவிட்டது என்றால், வெவ்வேறு கம்பெனி பிக்கப்கள் ஏற்கெனவே எதிர் ஃபேஸில் இருந்திருக்கின்றன. நீங்கள் அதைச் சரிசெய்துவிட்டீர்கள், பழையபடி வைத்துவிடுங்கள்.

கழுத்துப் பிக்கப் தனியாகவே ஒல்லியாக ஒலிக்கிறதா? அது காந்தத்தால் வராது. ஒரே பிக்கப்பின் இரண்டு சுருள்கள் தங்களுக்குள் எதிராக இணைந்திருக்கின்றன. நான்கு கம்பி பிக்கப்பில் வண்ணக் குறியைத் தவறாகப் படித்தால் இப்படி ஆகும்.

ஒலியே வரவில்லை, மீட்டர் எல்லையற்ற தடை காட்டுகிறது என்றால் கம்பி அறுந்துவிட்டது. சுருளின் வெளிப்பக்கம் அறுந்திருந்தால் கைதேர்ந்தவர் பற்றவைத்துத் தருவார்; உள்பக்கம் என்றால் மறுபடி சுற்றவேண்டும். ஒலி உண்டு ஆனால் மெலிந்திருக்கிறது என்றால் காந்தம் ஆணிகளோடும் பட்டையோடும் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும், அல்லது வெளியே எடுத்தபோது வேறொரு காந்தத்தின் அருகே வைத்திருப்பீர்கள். அல்நிகோ எளிதில் வலு இழக்கும். சத்தம் ஏற்றும்போது கிறீச்சிட்டால் பித்தளைத் திருகோ மூடியோ தளர்ந்திருக்கிறது.

இத்தனை பாடு எதற்கு? இரண்டு வயரை மாற்றிப் பற்றவைத்தால் போதாதா?

நான்கு கம்பியும் தனி எர்த் கம்பியும் உள்ள புது பிக்கப் என்றால் போதும். இன்னும் நல்லது, டோன் குமிழுக்குப் பதிலாக இழுத்துத் தள்ளும் வகைப் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழின் அடியில் இருக்கும் மாறுதடை) போட்டுக்கொள்வது. இழுத்தால் கிரீனி, தள்ளினால் சாதாரண லெஸ் பால். பிக்கப்பைத் திறக்கவே வேண்டாம்.

பழைய முறையில், உலோகப் பின்னல் போர்த்திய ஒற்றைக் கம்பி உள்ள பிக்கப்பில் மாற்றாதீர்கள். அங்கே பின்னலும் அடித்தட்டும் மூடியும் எர்த்தோடு இணைந்தவை. மாற்றினால் மூடி முழுவதும் சிக்னல் பக்கம் போய்விடும். விரல் பட்டாலே ஹம் கேட்கும், பின்னல் எங்காவது எர்த்தைத் தொட்டால் பிக்கப் ஊமையாகும். காந்தத்தைப் புரட்டும் முறை நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

குமிழ்களை எப்படி வைத்தால் கிரீனி ஒலி வரும்?

சுவிட்ச் நடுவில். இரண்டு வால்யூமும் 10. கிடைப்பது மிக ஒல்லியான, கூரான ஒலி. பலர் இதைக் கேட்டு, 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். இனிமேல்தான் விஷயம். பிரிட்ஜ் வால்யூமை 8-க்கும் 7-க்கும் இடையில் இறக்குங்கள். கழுத்துப் பக்கம் 10-லேயே இருக்கட்டும். கழிவது குறைந்து, அடிக்குரல் பாதி திரும்பி வரும். ஒலி குழிவாகவும் கதகதப்பாகவும் இருக்கும். மெதுவான ப்ளூஸுக்கு இந்த இடம்தான். கழுத்தை இறக்கிப் பிரிட்ஜை 10-இல் வைத்தால் மூக்கொலி தூக்கலாகி, கடித்துப் பேசும். அரை எண் நகர்ந்தாலே குணம் மாறுவதால் குமிழைக் கேட்டுக்கேட்டுத்தான் திருப்பவேண்டும். லெஸ் பாலின் வழக்கமான இணைப்பில், நடு நிலையில் ஒரு வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் இரண்டும் அடங்கிவிடும். அது கோளாறு அல்ல.

எதிர் ஃபேஸில் சத்தத்தின் அளவும் குறையும். ஆம்ப்ளிஃபயரின் முன்கட்ட கெய்னைச் சற்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

படங்களில் கிரீனி எலுமிச்சை மஞ்சளாக இருக்கிறதே, சிவப்பு எங்கே?

வெயில் தின்றுவிட்டது. செர்ரி சன்பர்ஸ்ட் (ஓரம் சிவந்து நடுவில் மஞ்சளாகும்) பூச்சில் அன்று சேர்த்த சிவப்புச் சாயம் ஒளியைத் தாங்காது. 1960-இல்தான் கிப்சன் நிலைத்து நிற்கும் சாயத்துக்கு மாறியது. அதனால் 1958–60 கிட்டார்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் நிற்கின்றன.

'1959 லெஸ் பால்' என்று ஒன்று விற்பனைக்கு வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

நல்ல நிலையில் உள்ள, யாரும் பிரபலமாக வாசித்திராத 1959 சன்பர்ஸ்ட்டே பல லட்சம் டாலர் போகிறது. போலிகளும் அதற்கேற்ற உழைப்போடு செய்யப்படுகின்றன. ஒரே ஒரு அடையாளத்தை நம்பாதீர்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும்.

தலைப்பகுதியின் பின்புறம் வரிசை எண் மையால் முத்திரையிடப்பட்டிருக்கும்: 9, சிறு இடைவெளி, பிறகு நான்கு இலக்கம். மரத்தில் அழுத்திப் பதித்த எண் 1961-இல் தொடங்கிய பழக்கம். பின்பக்க மூடியைத் திறந்து பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகைப் பாருங்கள். 134 என்று தொடங்கினால் சென்ட்ரலாப் கம்பெனியின் தயாரிப்பு. அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டும் வாரம். 1959 கிட்டாரில் 58-ஆம் ஆண்டு பாகம் இருக்கலாம், 62 இருக்க முடியாது, இருந்தால் மாற்றப்பட்டது. ஈயப்பற்றுகள் மங்கிப் பழுத்திருக்கவேண்டும், பளபளப்பு சந்தேகத்துக்குரியது.

பிக்கப்பின் அடியில் 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்' (காப்புரிமைக்கு விண்ணப்பித்தது) என்று தங்க எழுத்தில் கறுப்பு ஒட்டி (ஸ்டிக்கர்) இருக்கும். இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அச்சு அசலான ஒட்டிகள் சில்லறை விலையில் கிடைக்கின்றன. சேத் லவர் வடிவமைத்த இந்த ஹம்பக்கருக்கு 1959 ஜூலையில் காப்புரிமை கிடைத்த பின்னும் கிப்சன் பழைய ஒட்டியையே சில ஆண்டுகள் ஒட்டியது.

கழுத்துப் பிக்கப் குழிக்குள், உடலில் செருகிய கழுத்தின் நீண்ட முளை தெரியவேண்டும். விரல்பலகையில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் முனையைப் பக்கப் பட்டை சிறு மேடாக மூடியிருக்கவேண்டும். அது தேய்ந்திருந்தால் ஃப்ரெட் மாற்றியிருக்கிறார்கள். மேல்பலகை நடுவில் சரியாக இரண்டாகப் பிளந்து விரித்த மேப்பிளாக இருக்கவேண்டும். 1952–57 கோல்ட்டாப் கிட்டார்களின் தங்கப் பூச்சைச் சுரண்டி சன்பர்ஸ்ட் அடித்து விற்பது பழைய வேலை. தங்கப் பூச்சு எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால் அவற்றில் இணைப்பு நடுவில் வராமல் போவதுண்டு.

இருட்டறையில் புற ஊதா விளக்கு அடியுங்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னால் பூசிய இடங்கள் வேறு நிறமாகத் தனித்துத் தெரியும். உடைந்து ஒட்டிய கழுத்தும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

பிரபலம் வாசித்தது என்றால் கூடுதலாக ஒரு சோதனை: மேப்பிள் ரேகை. இரண்டு பலகைகளில் ஒரே ரேகை வராது, கைரேகை மாதிரி. அந்தக் காலத்து மேடைப் படத்தைப் பெரிதாக்கி, ரேகையின் வளைவுகளையும் கீறல்களையும் ஒப்பிடலாம். கையெழுத்திட்ட கடிதத்தைவிட இது நம்பகமானது.

கிரீனியின் கழுத்து உடைந்தது என்கிறார்கள். மதிப்பு போகாதா?

தலைப்பகுதியில் உடைந்து ஒட்டிய பழுது உண்டு. சுதி சேர்க்கும் முளைகளும் பழைய க்ளூசன் கம்பெனியுடையவை அல்ல, பின்னால் மாட்டிய குரோவர் கம்பெனியுடையவை. நான்கு குமிழும் ஒரே ரகம் அல்ல. பெயர் இல்லாத ஒரு கிட்டாரில் கழுத்து உடைந்தால் விலை பாதிக்குப் பக்கம் இறங்கலாம். கிரீனிக்கு அவையே அடையாளமாகிவிட்டன. 'திருத்தி' அசல் பாகம் மாட்டினால்தான் மதிப்பு போகும்.

லெஸ் பால்கள் ஏன் அங்கே உடைகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது எந்த லெஸ் பால் வைத்திருப்பவருக்கும் பயன்படும். தலைப்பகுதி 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது. கழுத்தும் தலையும் ஒரே மகோகனி என்பதால் அந்த வளைவில் மர நார் குறுக்காக வெட்டுப்படுகிறது. போதாக்குறைக்கு, கழுத்தை நேராக்கும் உலோகக் கம்பிக்குக் குழி தோண்டியிருப்பதும் அங்கேதான். நின்ற நிலையிலிருந்து மல்லாக்க விழுந்தால் போதும்.

அசல் எட்டாத விலை. நகல்கள் உண்டா?

உண்டு. 2010-இல் கிப்சன் தன் 'கலெக்டர்ஸ் சாய்ஸ்' வரிசையின் முதல் கிட்டாராக இதையே அளந்து செய்தது. 2023-இல் ஹாமெட்டோடு சேர்ந்து, கீறல் வரைக்கும் நகலெடுத்த மிகச் சிறு எண்ணிக்கைப் பதிப்பு வந்தது. அதே வேளையில் கிப்சனின் வழக்கமான தொழிற்சாலைப் பதிப்பும், தொடர்ந்து கிப்சனின் துணைக் கம்பெனியான எபிஃபோன் பெயரில் குறைந்த விலைப் பதிப்பும் வந்தன. இவற்றில் 'கிரீனிபக்கர்' என்ற பிக்கப் இருக்கும். எதிர் ஃபேஸ் தயாராகவே வரும். ஒலிதான் வேண்டும் என்றால் எபிஃபோன் போதும் என்பது எங்கள் கருத்து. 

ஹாமெட் என்ன விலை கொடுத்தார்?

இருபது லட்சம் டாலர் என்று ஒரு எண் எங்கும் சுற்றியது. அதைவிடக் குறைவு என்று ஹாமெட்டே சொல்லியிருக்கிறார். ஏலத்தில் வெளிப்படையாகப் போன கிட்டார்களோடு ஒப்பிடலாம். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட் 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் வாசித்த 1959 மார்ட்டின் டி-18இ கிட்டார், 2020 ஜூனில் ஜூலியன்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. இரண்டிலும் மரத்துக்கும் கம்பிக்கும் கொடுத்தது சொற்பம். மீதி முழுவதும் வாசித்த கைக்கு.

இப்படிப்பட்ட கிட்டாரை நாடு விட்டு நாடு கொண்டுபோகலாமா?

விரல்பலகை பிரேசில் ஈட்டி என்பதால் தாள் இல்லாமல் முடியாது. அந்த மரம் 1992-இல் சர்வதேச வன உயிர் வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தது, வணிகத்துக்குத் தடை. அதற்கு முன்பே செய்த கருவி என்று சான்றிதழ் வாங்கினால் எல்லை கடக்கலாம். நாட்டுக்கு நாடு நடைமுறை வேறுபடும். 2019-இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு மற்ற ஈட்டி வகைகளில் தளர்வு வந்தது. பிரேசில் ஈட்டிக்கு வரவில்லை.

இன்றைய கிப்சன்களில் விரல்பலகை பெரும்பாலும் இந்திய ஈட்டி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தோதகத்தி என்று அழைக்கப்படும் அதே மரம்.

வீட்டில் வைத்துப் பராமரிக்கும்போது எதில் கவனம்?

நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ரப்பரோடும் வினைலோடும் சேராது. மலிவான தாங்கியின் ரப்பர் பட்ட இடத்தில் சில வாரத்தில் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணி சுற்றுங்கள், அல்லது பெட்டியிலேயே வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கடற்காற்று வீசும் ஊரில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் சிறு ஈரமானியும் போடுங்கள்; பிரிட்ஜின் திருகுகள்தான் முதலில் துருப்பிடிக்கும்.

தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிரிட்ஜும், தந்திகளின் அடிமுனை கோக்கும் வால்கட்டையும் தந்தியின் இழுவையால்தான் நிற்கின்றன. ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் வால்கட்டை நழுவி மேல்பலகையில் விழும், பள்ளமோ கீறலோ விழலாம். எப்படியும் ஆறையும் கழற்றவேண்டிய வேலை என்றால், முதலில் வால்கட்டைக்குக் கீழே மடித்த துணி ஒன்றைச் செருகிவிடுங்கள்.